எடை மேடை வரிசையில் நீலம்

மூன்று நிறம் என்றான் மாரிக்கண்ணு,
லோரியிலிருந்து இறங்காமலே.
'மேட்டுல கறுப்பு. மில்லுல நீலம்.
காலையில வெள்ளை.
கொடி ஒண்ணுதான் இன்னும் தைக்கல.'

பட்டறைத் தகரத்தில் பாகாவ் வெயில் படுத்திருந்தது.
பின்தட்டில் நாலு செம்பனைக் குலை,
இறக்க மறந்தவை, புளிக்கத் தொடங்கியவை.
சைஃபுல் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தான்.
தவுக்கே போனிலேயே தீர்ப்பு அனுப்பிவிட்டார்:
டர்போ போச்சு, புதுசு போடு,
மூவாயிரத்து இருநூறு வெள்ளி,
பாதி நான், பாதி சம்பளத்தில் கழிச்சு.
யார் சம்பளம் என்று சொல்லவில்லை.
மாரிக்கண்ணு ஸ்டியரிங்கில் இருந்த தன் விரல்களைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுப்பு எப்போ, லோடோடயா, காலியாவா?
லோடோட. மூணாவது கியர்ல, சீனச் சுடுகாட்டு மேட்டுல.
பின்னால வந்த ஸ்கூல் வேன்காரன் கண்ணாடிய ஏத்திக்கிட்டான்.
டர்போ விசில் கேக்குதா?
கேக்குது. இல்ல, முன்ன கேட்டுச்சு.
இப்ப யாரோ பெருமூச்சு விடுற மாதிரி.
நீலம்?
எடை மேடை வரிசையில. அரை மணி நேரம்
இன்ஜின் சும்மா ஓடும். அப்புறம் மிதிச்சா ஒரே மேகம்.
அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல.
தண்ணி குறையுதா?
குறையல.
எண்ணெய்?
இதற்கு மட்டும் அவன் சைஃபுலைப் பார்த்தான்.
சைஃபுல் இரண்டு விரல் காட்டினான்.
வாரத்துக்கு இரண்டு லிட்டர்.

நிறத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டு
அடியில் படுத்தேன்.

இன்டர்கூலர் குழாயின் அடிவயிற்றில்,
யாரும் குனிந்து பார்க்காத பக்கம்,
ஒரு சாண் பிளவு.
எண்ணெய் குடித்து ஊறிய ரப்பர்,
சாம்பாரில் விழுந்த அப்பளம்போல் விரலோடு வந்தது.
மேட்டில் காற்றெல்லாம் இந்த வழியாகத்தான் ஓடியிருக்கிறது.
டீசல் மட்டும் மூச்சில்லாமல் வெந்து கரியாகியிருக்கிறது.

சரி, ரப்பருக்கு எண்ணெய் ஊற்றியது யார்?

டர்போவின் தண்டை இரண்டு விரலால் அசைத்தேன்.
பக்கவாட்டில் ஒரு மயிரிழை.
முன்னும் பின்னும் அதுவும் இல்லை.
செத்துவிட்டதாகத் தவுக்கே அறிவித்த சாமான்
என் விரலுக்குள் சுகமாய்ச் சுழன்றது.

அதன் அடியில், எண்ணெய் திரும்பி வடியும் குழாய்.
இரண்டு போல்ட்.
கழற்றினேன்.
வாயை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு
சிவப்பாய் ஒரு துண்டு, உரித்த இறால் அளவு.
கேஸ்கெட்டுக்குப் பிதுக்கும் சிலிக்கோன்.
வடிய வழியில்லாத எண்ணெய்
வரிசையில் நிற்கும்போதெல்லாம்
சீலைத் தாண்டிப் போயிருக்கிறது.

இந்த ஊரில் மற்ற பட்டறைகள்
கறுப்பு சிலிக்கோன்தான் வாங்கும்.
சிவப்பு நான்.
போன தீபாவளிக்கு முந்தின இரவு, பதினொரு மணி,
டியூபைக் கழுத்தோடு நெரித்த கை
இதே கை.

துண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது.
சட்டையில் பை இருந்தது.
விலை ஏற்கெனவே பேசியாகிவிட்டது, அதுவும் நான் பேசவில்லை.
கொஞ்ச நேரம் படுத்தே இருந்தேன்,
என் நெற்றிக்கு மேல் ஒரு சொட்டு
விழலாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

'என்னா மெக்கானிக், தூங்கிட்டியா?'

வெளியே வந்து கையைத் திறந்தேன்.
மாரிக்கண்ணு எடுத்து, மோந்து,
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.
'என்னா இது?'
நான்தான், என்றேன்.
அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.
சைஃபுலுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது;
அவன் போய் நாலு குலையையும் இறக்க ஆரம்பித்தான்.

குழாய்க்கு மட்டும் காசு வாங்கினேன்.
தவுக்கேயிடம் நானே பேசினேன், அதைப் பற்றி வேண்டாம்.

மறுநாள் சுடுகாட்டு மேட்டடியில்
கோப்பிப் பொட்டலத்தோடு நின்றிருந்தேன்.
ஏழு டன்னோடு ஏறினான்.
விசில் வந்தது.
புகை வந்ததா என்று
நான் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

காலை வெள்ளை இன்னும் போகவில்லை.
கண் எரிகிறது, பச்சை டீசல் வாடை.
ஒரு நாசில் சொட்டுகிறது என்று நினைக்கிறேன்.
'நினைக்கிறேன்' என்றே அவனிடம் சொன்னேன்.
சனிக்கிழமை, இன்ஜின் ஆறியபடி
கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.